இல்லாத மெஷினுக்கு எழுதியவர்



மைக்ராப்ராசஸர் லேபில் ஒரு 8085 கிட்டுக்கு ஐந்து பேர் நிற்போம். ஒருத்தன் கீ அடிப்பான், மற்ற நாலு பேரும் வேடிக்கை. அந்த நாலு பேரில் நானும் ஒருவன். கிட் கைக்கு வராததால்தான் புரோகிராம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேரி கில்டாலின் வாழ்க்கையைப் படித்தபின் அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர் கில்டால். மாலுமிகளுக்குக் கடலில் வழி கணிக்கக் கற்றுத்தரும் பள்ளி நடத்திய குடும்பம். 1972-இல் டாக்டர் பட்டம் பெற்றார்; மான்டெரேயில் இருந்த கடற்படை மேற்படிப்புக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1971-இல் இன்டெல் கம்பெனி 4004 மைக்ராப்ராசஸரை வெளியிட்டதும் மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் அதை வைத்து வேலை செய்ய மெஷின் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கல்லூரியின் பெரிய ஐபிஎம் கணிப்பொறியில், 4004 செய்வதை அப்படியே செய்து காட்டும் ஒரு புரோகிராமை எழுதிவிட்டார்! கட்டளையை எடுப்பது, என்னவென்று பிரித்துப் பார்ப்பது, ரெஜிஸ்டரின் மதிப்பை மெமரியில் மாற்றி வைப்பது, அடுத்த கட்டளைக்குப் போவது. இன்று எமுலேட்டர் செய்வதும் அதே வேலைதான்.

பிறகு இன்டெல்லுக்கே ஆலோசகர் ஆனார். 8008, 8080 சிப்புகளுக்கும் இதே மாதிரி சிமுலேட்டர்கள் எழுதினார். 1974-இல் ஃப்ளாப்பி டிரைவை ஆளும் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியதும் பிடிபி-10 என்ற பெரிய கணிப்பொறிக்குள் ஓடிய போலி 8080-ஐ வைத்துத்தான். (சிபி/எம் என்றதும் கட்சி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!) டிரைவுக்கான கன்ட்ரோலர் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை, நண்பர் ஜான் டொரோடு செய்து கொடுத்தார். சாஃப்ட்வேர் புலிக்கும் ஹார்டுவேர் வராமல் போகலாம் பாருங்கள்.

மனைவி டோரத்தியுடன் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு தினுசு. ஆகவே ஹார்டுவேரைத் தொடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, பயாஸ் என்று பெயர் வைத்தார். புது மெஷினுக்கு அந்தத் துண்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும். 1978-இல் வேர்ட்ஸ்டார் முதலில் வந்ததும் இந்த சிபி/எம்முக்குத்தான்.

1980-இல் ஐபிஎம் தேடி வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விமானம் ஓட்டி விளையாடப் போய் அதிர்ஷ்டத்தைத் தொலைத்தவர் என்று சொல்லுவாங்க. அவர் தன் விமானத்தில் போனது உண்மை; ஆனால் போனது தொழில் வேலையாக. ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் டோரத்தி உடனே கையெழுத்துப் போடவில்லை. மைக்ரோசாஃப்ட் வேறொரு கம்பெனியிடமிருந்து, சிபி/எம் போக்கிலேயே எழுதப்பட்ட ஒரு சிஸ்டத்தை வாங்கிக் கொடுத்தது. பின்னர் கில்டாலின் சரக்கையும் ஐபிஎம் விற்றது: டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். எதை வாங்குவார்கள்? ஆட்டம் அங்கேயே முடிஞ்சு போச்சு. 1991-இல் கம்பெனியை நாவெல் வாங்கியது. 1994 ஜூலை 11 அன்று, தலையில் பட்ட அடியால், 52 வயதில் கில்டால் இறந்தார்.

அவரைத் தோற்றவர் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2014-இல் கலிஃபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் சிபி/எம்மின் பழைய மூலநிரல்களை வெளியிட்டது. நான் அண்ணனின் பழைய லேப்டாப்பில் சிம்எச் என்ற இலவச எமுலேட்டரை ஏற்றினேன். 1975-இல் வந்த ஆல்டேர் 8800 ஆகவே அது நடிக்கிறது. அதில் சிபி/எம் ஓடுகிறது. அதன் டிடிடி கருவியைத் திறந்தால் (பூச்சிமருந்து இல்லை, புரோகிராமில் பூச்சி பிடிப்பது) அட, நம் லேபில் அடிக்கிற அதே எம்விஐ, எல்எக்ஸ்ஐ! 8080 கட்டளைகளைத்தானே 8085-உம் வைத்திருக்கிறது. ரிம், சிம் இரண்டும் 8085-க்கே உரியவை. அவை மட்டும் இதில் ஓடாது.

போன வாரம் பெருக்கல் புரோகிராமை ராத்திரி அதில் அடித்துப் பார்த்தேன். ரெண்டு தடவை தொங்கிவிட்டது. மூன்றாவது தடவை விடை வந்தது. வேண்டுபவர்கள் பென்டிரைவ் கொண்டு வரலாம்.