ஐம்பது காசுக்காக ஓர் ஆங்கிலம்

ஆங்கிலக் கட்டுரை என்றதும் நம்மில் பலருக்குப் பெரிய பெரிய சொற்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அகராதியில் தேடிப் பிடித்த நான்கு சொற்களைப் போட்டுவிட்டால் மியூயெட் தேர்வில் நல்ல பேண்ட் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் படிவம் ஆறிலும் இருக்கிறார்கள், பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தமிழரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவருடைய ஆங்கிலத்தை இங்கிலாந்துக்காரர்களே வியந்தார்கள். அந்த ஆங்கிலம் ஒரு சமயம் மலாயாத் தோட்டத் தொழிலாளியின் நாள் கூலியைப் பற்றி எழுதவும் பயன்பட்டது. அவர் பெயர் வ.ச. சீனிவாச சாஸ்திரி.

1869 செப்டம்பர் 22-ஆம் நாள், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியர் ஆனார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பெயர் பெற்றார். 1904-இல் அங்கே தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். ஆங்கில இலக்கணத்தையும் உச்சரிப்பையும் வகுப்பறையில் திருத்திய மனிதர், அடுத்த முப்பது ஆண்டுகள் அரசாங்கங்களின் முன்னால் வாதாடினார்.

அவருக்கு வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று பட்டப்பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் அடுக்குமொழிப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய வாதங்களின் அமைப்பைக் கவனித்தால்தான் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரிகிறது.

1921-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் பேரரசில் இந்தியாவும் சம உறுப்பினர் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால், அதே பேரரசின் நாடுகளில் குடியேறிய இந்தியர்களுக்கு ஓட்டுரிமை இல்லை, பல உரிமைகள் இல்லை. சாஸ்திரி புதிய கொள்கை எதையும் கொண்டுபோகவில்லை. எதிரே இருந்தவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கூற்றையே அடித்தளமாக வைத்தார். இந்தியா சமம் என்றால் இந்தியர் மட்டும் எப்படித் தாழ்ந்தவர் ஆனார்? இந்த முரண்பாட்டை ஒப்புக்கொண்டு, சட்டப்படி குடியேறிய இந்தியர்களுக்குக் குடியுரிமை தரவேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று இதே வாதத்தை வைத்தார். 1925-இல் ஆஸ்திரேலியா அங்கு வாழ்ந்த இந்தியர்களுக்குக் கூட்டரசுத் தேர்தலில் ஓட்டுரிமை அளித்தது.

நல்ல வாதம் எப்போதும் வென்றுவிடுமா? இல்லை. 1919-இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து இந்தியச் சட்டசபையில் அவர் பேசியபோது, வைஸ்ராயே மெய்ம்மறந்து கேட்டதாகக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆனாலும் அடுத்த மாதமே மசோதா சட்டமானது. முடிவை முன்பே எடுத்துவிட்டவரை வாதத்தால் அசைக்க முடியாது என்பதைக் காந்தி அங்கே கண்டார். இருவரும் வேறு வேறு பாதையில் போனார்கள், நட்பு மட்டும் குறையவில்லை. அந்தச் சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவரும் சாஸ்திரிதான். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

1927-இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றார். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி எழுப்பப் பாடுபட்டார். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1936-ஆம் ஆண்டின் இறுதியில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சாஸ்திரியை இந்திய அரசு மலாயாவுக்கு அனுப்பியது. தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய்வது அவர் வேலை. அப்போது எங்கள் கேமரன் மலையில் தேயிலை நட்டு அதிக காலம் ஆகவில்லை. 1929-இல்தான் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவுகளில் கன்று நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். ரிங்லெட் பக்கத்தில் வளர்ந்த எனக்கு, அந்த அறிக்கை யாரோ ஒருவரைப் பற்றியதாகத் தோன்றவில்லை.

சிக்கல் என்னவென்றால், 1928 வாக்கில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த நாள் கூலி, உலகப் பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்டது. ரப்பர் விலை விழுந்தது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பிறகு விலை ஏறியது, கூலி பழைய நிலைக்கு வரவில்லை. 1937-இல் வெளியான அறிக்கையில் பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சாஸ்திரி பரிந்துரைத்தார். குறைத்ததற்குச் சொன்ன காரணம் போய்விட்டால் குறைப்பும் போகவேண்டும். இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம், மறுப்பதற்குத்தான் மிகவும் சிரமப்பட வேண்டும். அந்த ஆண்டே கூலி மீண்டும் 50, 40 காசு ஆனது.

ஆனால், இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் பலர் அறிக்கையில் மகிழ்ச்சி அடையவில்லை. தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் சாஸ்திரி எழுதியிருந்தார். முதலாளிகளிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று மலாயா மத்திய இந்தியர் சங்கம் குறை கூறியது. 1938-இல் தோட்டத்துரைமார்கள் கூலியை மறுபடி 45, 36 காசாகக் குறைத்தபோது, இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது. கங்காணி ஆள்பிடிப்பும் அதோடு முடிந்தது. காகிதத்தில் வென்ற வாதத்தைக் காக்க, காகிதத்துக்கு வெளியே ஒரு நடவடிக்கை தேவைப்பட்டது.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலிருந்த பத்துக் காசு வித்தியாசம் அப்படியே நின்றுவிட்டதே! கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். தெளிவான வாதத்தில் ஒரு நன்மை இருக்கிறது: அதில் விடுபட்டது எது என்பதும் தெளிவாகத் தெரியும். மங்கலாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இடம் இருந்திருக்காது.

தம்பி தங்கைகளே, கேமரன் மலையில் சுற்றுலாவைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று நாளைக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு வரலாம். முதல் பத்தியிலேயே உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்து, எதிர்த் தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மையிலிருந்து தொடங்குங்கள்: குளிரும் பசுமையும் இருப்பதால்தான் மக்கள் மலையேறி வருகிறார்கள். சரிவுகள் அழிந்தால் அவையும் போகும், வருகிறவர்களும் குறைவார்கள். ஆகவே, கட்டுப்பாடு சுற்றுலாவுக்கே பாதுகாப்பு. பிறகு, கடைக்காரரும் ஓட்டுநரும் பிழைப்புக்கு என்ன செய்வார்கள் என்ற எதிர்வாதத்தை நேர்மையாக எழுதி, அதற்கும் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்தியும் முந்தைய பத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். இதற்குத் தமிழில் சிந்திப்பது தடையே இல்லை. வலங்கைமான் பையனுக்கும் ஆங்கிலம் பள்ளியில் கற்ற மொழிதான்.

1946 ஏப்ரல் 17-இல் சாஸ்திரி காலமானார். இந்தியா விடுதலை பெற்றதை அவர் பார்க்கவில்லை. மிதவாதி என்ற விமர்சனம் கடைசிவரை அவரோடு வந்தது. அவர் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், ஆங்கிலம் தெரிந்த ஒரு தமிழர் அந்த மொழியை மேடைப் பெருமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், கூலிக் கணக்கையும் அதில் எழுதினார். சம்பளம், வீடு, நிலம், தமிழ்ப்பள்ளி என்று எழுதவேண்டிய கணக்குகள் இன்றும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதப்போகிறவர்கள் நாம்தான்.