கதவைத் திறந்த மருத்துவர்

அபயம் தேடி வரும் பெண்ணுக்கு மருந்து மட்டும் போதுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள், பெண்களுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கம் இருந்த குலத்தினர். அறியாச் சிறுமியரின் வாழ்வைப் பிறர் தீர்மானிக்கும் கொடுமையை அம்மையார் அருகிலிருந்தே உணர்ந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகிப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார்.

அவ்வழக்கத்துக்கு அஞ்சி ஓடிவந்த இளம்பெண்கள் சிலர் ஒருநாள் அவர் வீடு தேடி வந்தனர். அம்மையார் விடுதிகளில் இடம் கேட்டார். குலத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தனர். திருப்பி அனுப்பினால் அவர்கள் கதி என்னவாகும்? தம் இல்லத்திலேயே அவர்களைத் தங்க வைத்தார். அதிலிருந்து பிறந்ததே சென்னை அவ்வை இல்லம். திக்கற்ற பெண்கள் அங்கே கல்வியும் தொழிலும் கற்றுத் தலைநிமிர்ந்தனர். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய அம்மையார், 1968 ஜூலை 22இல் இறையடி சேர்ந்தார்.

தோழியரே! வேலை, திருமணம் என்று ஆசை காட்டிப் பெண்களைக் கடத்தி விற்கும் கொடுமை இன்றும் ஓயவில்லை. நாளை நம்மில் சிலர் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவமனையிலோ செவிலியராகலாம். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குக் காயத்தோடு ஒரு பெண் வருவாள். கேட்பதற்கெல்லாம் உடன் வந்தவரே பதில் சொல்வார். காயத்துக்குச் சொல்லும் காரணம் பொருந்தாது. தான் தங்கியிருக்கும் ஊரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. கண்டும் காணாமலும் விடலாகாது. முதலில் சிகிச்சை. பிறகு, உடன் வந்தவரை வெளியே இருக்கச் செய்து, தனிமையில் கனிவாகப் பேச வேண்டும். அவளைக் குற்றவாளிபோல் விசாரிக்கலாகாது. சிறுமியானால் 1098, பெண்ணானால் 181 என்ற எண்ணில் உதவி உண்டு. பாதுகாப்பான இடம் உறுதியாகும்வரை அவளை அனுப்பிவிடக் கூடாது.

சிறுவயதில் கடத்தி விற்கப்பட்டு, பின்னர் கன்னியாஸ்திரீயாகிய புனித ஜோசபின் பக்கித்தாவின் திருநாள் பிப்ரவரி 8. அன்று திருச்சபை கடத்தப்பட்டோருக்காக மன்றாடுகிறது. நாமும் மன்றாடுவோம், அம்மையாரைப்போல் கதவையும் திறப்போம்.