ஊர்க் கணக்கைக் கேட்ட நிருபர்

நான் இன்று ஒரு பத்திரிகை நிருபரைப் பற்றி எழுதுகிறேன்.

லிங்கன் ஸ்டெஃபன்ஸ் 1866-ல் அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1892-ல் நியூயார்க்கில் நிருபர் ஆனார். பிறகு மெக்ளூர்ஸ் என்ற மாத இதழுக்காக நகரம் நகரமாகப் போய், நகராட்சி எப்படி நடக்குது என்று விசாரித்தார்.

மினியாபொலிஸ் நகரில் மேயர் தன் சகோதரரையே போலீஸ் தலைவர் ஆக்கியிருந்தார். போலீசே திருடர்களிடமும் சூதாட்டக்காரர்களிடமும் மாமூல் வாங்கியது. ஸ்டெஃபன்ஸ் 1903-ல் இதையெல்லாம் எழுதினார். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று சூதாட்டக்காரர்கள் எழுதி வைத்த கணக்கு நோட்டின் பக்கமும் இதழில் அப்படியே அச்சானது! ஆறு நகரங்களைப் பற்றிய அவர் கட்டுரைகள் 1904-ல் புத்தகமாக வந்தன. 1936-ல் அவர் காலமானார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? லஞ்சம் வாங்கியவர்களோடு, கொடுத்த வியாபாரிகளையும், கண்டும் காணாமல் இருந்த மக்களையும் சேர்த்தே அவர் குற்றம் சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! படிக்கிறவங்களே அந்த மக்கள்தானே?

நம்ம ஊர்லயும் கிராம சபை கூடுது. நமக்கு ஓட்டுப் போடுற வயசு இன்னும் வரலை. ஆனா அம்மா அப்பாவைப் போய்க் கணக்குக் கேட்கச் சொல்லலாமே!