டால்டா 13

மட்டாஞ்சேரியில் குஜராத்தி வீதி வழியே நாள்தோறும் போய்வரும் நம் சங்கத்து அன்பர்களுக்கு, குஜராத்தி மொழி பேசிய பார்சி மாதரசி ஒருவரின் வரலாற்றைக் கூற விழைகிறேன். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் போற்றப்பெறும் ஹோமாய் வியாரவாலா அம்மையாரே அவர்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நவசாரியில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராய்ச் சென்ற நாடக நடிகர். பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் பயின்ற ஹோமாய்க்குக் காமிராவைக் கையாளக் கற்பித்தவர் மானெக்‌ஷா என்பவர். பின்னர் அவரையே மணந்தார்.

அம்மையாரின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவரலாயின. ஆனால் தொடக்கத்தில் அவற்றின்கீழ் அச்சானது கணவரின் பெயர்! ஊரறியாத ஒரு பெண்ணின் பெயருக்கு அன்று மதிப்பேது? ஜெர்மனியில் லூசியா மொஹோலி அம்மையார் எடுத்த பௌஹௌஸ் கலைப்பள்ளிப் படங்களும் இவ்வாறே அவர் பெயரின்றி அச்சேறின. கோப்பை எழுதுபவர் ஒருவர், கையொப்பமிடுபவர் வேறொருவர் என்று காலந்தள்ளும் என் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது புதிதன்று. ஆயினும் நெஞ்சம் நோகவே செய்கிறது.

பிற்காலத்தில் அவர் சூடிக்கொண்ட புனைபெயர் ‘டால்டா 13’. நம் அடுக்களை வனஸ்பதியை எண்ணி நகைக்க வேண்டா. அவர் பிறந்தது 1913இல். கணவரைச் சந்தித்தது பதின்மூன்றாம் வயதில். அவருடைய மோட்டார் வண்டியின் எண்ணோ டி.எல்.டி. 13!

1942இல் தம்பதியர் டில்லி சென்று பிரிட்டிஷ் செய்தி நிலையத்தில் பணியேற்றனர். சேலையுடுத்து, கனத்த காமிராவைச் சுமந்து, சைக்கிளில் திரிந்த பெண்ணை ஆடவர் பொருட்படுத்தவில்லை. அதுவே அவருக்கு நல்லதாயிற்று. பிறர் நுழைய அஞ்சிய இடங்களிலும் தடையின்றி நுழைந்தார். 1947 ஜூனில் தேசப் பிரிவினைத் திட்டத்திற்குத் தலைவர்கள் கைதூக்கி வாக்களித்த காட்சி, மவுண்ட்பேட்டன் பிரபு விடைபெற்ற காட்சி, காந்தியடிகளின் இறுதி யாத்திரை, பண்டித நேருவின் கவலையற்ற கணங்கள் யாவும் அவர் காமிராவில் பதிவாயின. 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக் கூட்டத்திற்குப் புறப்பட்டவரை, மறுநாள் இருவருமாகச் செல்லலாம் என்று கணவர் திருப்பியழைத்துக்கொண்டார். அன்று மாலைதான் மகாத்மா சுடப்பட்டார். அந்தக் குறை அம்மையாரை நெடுநாள் வருத்திற்று.

1969இல் கணவர் காலமானார். மறு ஆண்டே அம்மையார் தொழிலைத் துறந்தார். புதிதாய் வந்த புகைப்படக்காரர்கள் மரியாதையின்றி முண்டியடித்த போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. 1989இல் ஒரே மைந்தரையும் இழந்தார். வடோதராவில் தனித்து வாழ்ந்து, தச்சுவேலை முதலியவற்றையும் தம் கையாலேயே செய்துகொண்டார். 2011இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 2012 ஜனவரி 15ஆம் நாள், தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார்.