ஏழு கப்பல்களும் எட்டு ஏடுகளும்

அந்தி மயங்கும் நேரம். எயோன் துறைமுகத்துக்குள் பாய்ந்து வருகின்றன ஏழு கப்பல்கள். முன்னே நிற்கிறார் ஏதென்ஸ் நகரத் தளபதி. ஆற்றின் மேற்புறம் சற்றுத் தொலைவிலே ஆம்பிபோலிஸ் — கப்பல் கட்ட மரமும், கருவூலத்துக்குப் பணமும் தரும் ஊர். அதைக் காக்கத்தான் இந்த ஓட்டம். வந்து பார்த்தாலோ, அன்றுதான் ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ் ஊரைக் கைக்கொண்டுவிட்டான்! எயோனை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

ஆண்டு கி.மு. 424. பிந்தி வந்த தளபதிக்கு ஏதென்ஸ் தந்த தண்டனை, நாடு கடத்தல், 20 ஆண்டுகள்! அவர்தான் துசிடிடீஸ். நாடுகள் ஏன் போரிடுகின்றன என்று ஆராயும் எதார்த்தவாத அறிஞர்கள், இன்றும் அவரைத்தான் தங்கள் முன்னோடி என்கின்றனர்.

செல்வக் குடியிலே பிறந்தவர். திரேஸ் நாட்டுத் தங்கச் சுரங்கங்களில் உரிமை பெற்றவர். (சுரங்கத்திலே மண் வெட்டியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை; அது வேறு கதை.) கி.மு. 431-இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. மறு ஆண்டு கொள்ளைநோய். பெரிக்ளிசையே பலிகொண்ட அந்த நோய் இவரையும் பற்றிற்று, பிழைத்தார்.

போர் ஏன் மூண்டது? மன்றங்களிலே முழங்கப்பட்ட காரணங்கள் பல. கொரிந்தோடு பகைத்த கோர்சைராவுக்கு ஏதென்ஸ் கப்பல் அனுப்பிற்று, மெகாரா வணிகருக்குச் சந்தையை அடைத்தது, பொட்டிடாயாவை முற்றுகையிட்டது. அத்தனையும் எழுதினார் துசிடிடீஸ். எழுதிவிட்டு, அடியிலே கிடந்ததைத் தோண்டி எடுத்தார்: ஏதென்ஸ் வளர்ந்தது, ஸ்பார்ட்டா அஞ்சிற்று!

பாரசீகத்தை எதிர்க்கக் கூடிய கூட்டணித் தீவுகள், நாளடைவில் ஏதென்சுக்குக் கப்பம் கட்டும் தீவுகளாயின. தன் காவலுக்கென்று ஏதென்ஸ் மதில் எழுப்பியபோதே, வேண்டாம் என்றது ஸ்பார்ட்டா. ஒருவன் கட்டும் காவல் மதில், அடுத்தவன் கண்ணுக்குப் படையெடுப்பின் முதற்படி!

வரப்புத் தகராறு என்றால் பஞ்சாயத்து உண்டு, போலீசு உண்டு, நீதிமன்றம் உண்டு. வல்லரசுகள் மோதினால் யாரிடம் முறையிடுவது? நடுவர் முன் வழக்காடலாம் என்று 30 ஆண்டு ஒப்பந்தம் இருக்கத்தான் செய்தது. ஏதென்ஸ் நடுவரை அழைத்தது, ஸ்பார்ட்டா மறுத்தது. கட்டாயப்படுத்த மேலே ஒருவரும் இல்லை. ஒப்பந்தம் பாதி ஆயுளைக்கூடக் காணவில்லை.

நாடிழந்தவர், இருதரப்பையும் அருகிருந்து கண்டார். சொந்த நகரத்துக்கும் சலுகை காட்டினாரில்லை. கி.மு. 416-இல், இருபக்கமும் சாராதிருக்க விரும்பிய மெலோஸ் என்ற சின்னஞ்சிறு தீவைப் பணியச் சொன்னது ஏதென்ஸ். மறுத்த ஆடவரைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. பூசி மெழுகாமல் எழுதினார். அச்சம்தான் காரணம் என்றால் குற்றம் கழிந்துவிடுமா என்று கேட்பீர்கள், தோழர்களே! அவர் காரணம் கூறினார், கழுவாய் கூறவில்லை.

ஒரு போர்க்கப்பலுக்கு 170 துடுப்புகள். பிடித்த கைகளிலே பெரும்பாலானவை ஏழைகளின் கைகள். சிசிலி மீது ஏவப்பட்ட பெரும்படை கி.மு. 413-இல் அழிந்தது, சிராக்யூஸ் கற்குழிகளிலே 7000-க்குக் குறையாத கைதிகள், வெயிலிலும் பனியிலும், பிணங்களோடு பிணங்களாக! அந்தப் பக்கங்களை எழுதியவரின் கை நடுங்கியிருக்க வேண்டும், எழுத்து நடுங்கவில்லை.

கி.மு. 404-இல் ஏதென்ஸ் வீழ்ந்தது, மதில்கள் இடிக்கப்பட்டன. அந்த முடிவைக் காணும்வரை துசிடிடீஸ் உயிரோடிருந்தார். அவருடைய எட்டாம் ஏடோ, கி.மு. 411-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாதியில் நின்றுவிடுகிறது. போர் அதன் பின்னும் ஏழாண்டு நடந்தது.