பொற்கொல்லர் மகனும் ஒரு முழத் துணியும்

1879ம் ஆண்டு பினாங்கில், சீனாவிலிருந்து வந்து பொன்வேலை செய்துவந்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர் டாக்டர் ஊ லியன் தே. பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்று, 1896ல் கேம்பிரிட்ஜ் சென்றார். ஊர் திரும்பி வைத்தியம் பார்த்ததோடு அபினுக்கு எதிராகவும் பாடுபட்டார். 1908ல் சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று டியன்ட்சின் சென்றார்.

அவர் பெயர் நிலைபெற்றது மஞ்சூரியாவில். அங்கே மர்மட் என்னும் வளைவாழ் பிராணியின் தோலுக்கு விலை கிடுகிடுவென ஏறியது. வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும், விலை ஏறினால் வேலை தெரியாதவனும் இறங்குவான். அப்படி இறங்கியவர்கள் நோயுற்ற பிராணிகளையும் பிடித்தனர். நெருக்கடியான சத்திரங்களில் ஒட்டிப் படுத்தனர். 1910 இறுதியில் பிளேக் ரயிலேறி ஹார்பின் நகரை அடைந்தது.

எலியும் தெள்ளுமே காரணம் என்று சகலரும் எண்ணியிருந்த காலம். இறந்த ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதித்த ஊ லியன் தே, இந்நோய் நுரையீரலைப் பற்றி, இருமலின் வழியே ஆளுக்கு ஆள் தாவுகிறது என்று கண்டார். சல்லாத் துணிக்குள் பஞ்சு வைத்து மூக்கையும் வாயையும் மூடச் செய்தார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டர் இளைஞரின் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. முகத்தை மூடாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில், சில நாட்களிலேயே மாண்டார். அதன்பின் ஊரார் தாமாகவே துணி கட்டினர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பிளேக் கிருமி வேறு, சளிக்காய்ச்சல் வைரஸ் வேறு. ஆயினும் இருமல் இரண்டுக்கும் வாகனம். 2020ல் நம் கடைத்தெருவில் பலர் அதே துணியைக் கழுத்தில் தொங்கவிட்டு, சட்டைப் பையில் செருகி, மறுபடி கட்டினர். வாயை மூடிய துணி, வாயிலிருந்து வந்ததைச் சுமந்து நிற்கும் அல்லவா? இன்புளுவென்சா வைரஸ் துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரத்திற்குள் அழிந்துவிடும்; எஃகு, பிளாஸ்டிக் மீதோ 24 முதல் 48 மணி நேரம் தங்கும். மூச்சுக்காற்றே பெரிய வழி என்பது உண்மைதான். ஆனால் மூக்குத் துடைத்த கைக்குட்டையைப் பிடித்த கையே டெலிபோனையும் எடுக்கிறது, சில்லறையும் கொடுக்கிறது.

ஹார்பினில் அவர் ரயில் பெட்டிகளில் மக்களைத் தனித்து வைத்தார். உறைந்த மண்ணில் புதைக்க இயலாது கிடந்த 2,000க்கு மேற்பட்ட சடலங்களை, அரச ஆணை பெற்று எரித்தார். மரபுக்கு மாறான அச்செயலுக்கு அவர் மனம் எவ்வளவு தயங்கியிருக்கும்! மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேர் மடிந்த பின், 1911 மார்ச்சில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது.

1937ல் மலாயா திரும்பியவர் ஈப்போவில் சாதாரண டாக்டராகவே வைத்தியம் பார்த்தார். 1960 ஜனவரியில், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.