கரிஞ்சா: மரக்கானா மைதானத்தை அழவைத்த வளைந்த கால்கள்!

1983, ஜனவரி 20. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்துக்கு அன்று விடுமுறை. நகரின் காவல் புனிதரான செபஸ்தியாரின் திருநாள். ஊரே கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலையில் அந்தச் செய்தி பரவியது. கரிஞ்சா இறந்துவிட்டார்.

வயது 49தான். குடியால் கல்லீரல் கெட்டு, பலமுறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி, கடைசியாக நினைவு தப்பிய நிலையில் சேர்க்கப்பட்டவர், அந்த முறை திரும்பவில்லை. கையில் காசு இல்லை. மைதானத்தை விட்டு விலகியும் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்போது இருபது வயதில் இருந்த இளைஞர்கள் பலர் அவர் ஆடி நேரில் பார்த்ததே இல்லை.

ஆனாலும், அவர் உடலை எங்கே வைப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மரக்கானா மைதானத்தில்தான்! ஒரு காலத்தில் லட்சம் பேரைச் சிரிக்கவைத்த அதே இடத்தில், கண்ணீரோடு மக்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒரு கால்பந்து வீரர் செத்ததற்கு ஒரு நகரமே ஏன் இப்படி அழுதது? சாதனைகளுக்காக மட்டும் என்றால் பெலே கணக்கில் எங்கேயோ இருக்கிறார். கரிஞ்சாவுக்காக அழுததில் வேறு ஏதோ இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவர் ஊருக்குப் போக வேண்டும்.

குட்டிப் பறவையின் பெயர்

ரியோவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது பாவ் கிராண்டே. ஒரு பெரிய துணி ஆலை, அதைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு, ஒரு தேவாலயம், ஒரு கால்பந்து மைதானம். அவ்வளவுதான் ஊர். அங்கே 1933, அக்டோபர் 28 அன்று பிறந்தவர் மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சான்டோஸ். உருவத்தில் சின்னதாக இருந்த தம்பிக்கு, அக்கா வைத்த செல்லப் பெயர் கரிஞ்சா. அந்தப் பக்கத்துக் காடுகளில் திரியும் ஒரு குட்டிப் பறவையின் பெயர் அது. கூண்டில் அடைத்தால் தாங்காத பறவை என்பார்கள்.

பிறவியிலேயே கால்கள் வளைந்திருந்தன. வலது கால் உள்பக்கமாக, இடது கால் வெளிப்பக்கமாக. போதாததற்கு இடது கால் 6 சென்டிமீட்டர் குட்டை. நின்றால், பக்கவாட்டில் காற்றடித்துச் சாய்ந்த மரம் மாதிரி இருப்பார். அந்தக் கால்களோடுதான் மரமேறினார், ஆற்றில் நீந்தினார், பறவை பிடித்தார், பந்து உதைத்தார்.

14 வயதில் துணி ஆலையில் வேலை. வேலையில் மனுஷன் சுத்த சோம்பேறி. ஆனால், ஆலைக்கு என்று ஒரு கால்பந்து அணி இருந்தது. அதில் அவர் இல்லாமல் முடியாது என்பதால், மேலதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள். குடியும் அந்த ஊரிலேயே தொடங்கிவிட்டது. அப்பாவும் குடிகாரர்தான். அதை அங்கே யாரும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

1950-ல் பிரேசிலில் உலகக் கோப்பை நடந்தது. அதற்காகவே கட்டப்பட்ட மரக்கானாவில், கடைசி ஆட்டத்தில் உருகுவே அணியிடம் பிரேசில் தோற்றது. கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் மைதானத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். நாடே துக்கம் அனுசரித்தது. 16 வயது கரிஞ்சா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மீன்பிடிக்கப் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது ஊரே அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, ஒரு விளையாட்டுக்குப் போய் இப்படியா அழுவார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லையாம்.

அந்தப் பையனுக்காக அதே மரக்கானா ஒருநாள் அழும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

ஒரு பயிற்சி ஆட்டம், ஒரு வாழ்க்கை

பெரிய கிளப்களில் சேர வேண்டும் என்ற வெறியெல்லாம் அவருக்கு இல்லை. நண்பர்கள் தள்ளிவிட்டதால் முயற்சி செய்து பார்த்தார். பூட்ஸ் கொண்டுவரவில்லை என்று ஒரு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில், ஊருக்குப் போகும் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவரே பாதியில் கிளம்பிவிட்டார்.

1953-ல் ரியோவின் பொட்டாஃபோகோ கிளப்புக்குப் போனபோது அவருக்கு 19 வயது. தேர்வுக்கான பயிற்சி ஆட்டத்தில் அவரைத் தடுக்க நின்றவர் நில்டன் சான்டோஸ். பிரேசில் தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர், நாட்டிலேயே பெரிய பெயர். வளைந்த காலோடு வந்த கிராமத்துப் பையன் அவரை அநாயாசமாகத் தாண்டிப் போனான். வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். நில்டன், இவனை உடனே சேருங்கள், எதிரணிக்குப் போய்விட்டால் நமக்குத்தான் ஆபத்து என்றாராம். அந்த நட்பு கடைசி வரை நீடித்தது.

முதல் அதிகாரபூர்வ ஆட்டத்திலேயே மூன்று கோல்கள். அதன்பின் 12 ஆண்டுகள் பொட்டாஃபோகோதான் வீடு. 600 ஆட்டங்களுக்கு மேல், 240 கோல்களுக்கு மேல்.

ஆனால், கரிஞ்சாவைக் கோல் கணக்கில் அளக்க முடியாது. அவர் ஆட்டத்தில் இருந்தது உண்மையில் ஒரே ஒரு வித்தைதான். வலது ஓரத்தில் பந்தோடு நிற்பார். இடதுபக்கம் சாய்வார், வலதுபக்கம் பாய்வார். எதிரில் நிற்பவருக்கும் அது தெரியும், மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் தடுக்க முடியாது. தாண்டிய ஆளுக்காக நின்று, இன்னொரு முறை தாண்டுவார். மைதானமே விழுந்து விழுந்து சிரிக்கும். எதிரணி ரசிகர்களும்தான்! ஆலையில் வாரம் முழுக்க முதுகு ஒடிய உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு அது சர்க்கஸ், சினிமா, திருவிழா எல்லாமே. 'மக்களின் மகிழ்ச்சி' என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

தோற்காத ஜோடி

1958 உலகக் கோப்பை, ஸ்வீடன். போட்டிக்கு முன்னால் இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்போடு ஒரு பயிற்சி ஆட்டம். கரிஞ்சா தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, கோல் கீப்பரையும் தாண்டினார். கோல் திறந்து கிடக்கிறது. அடிக்கவில்லை! ஓடிவந்த இன்னொருவரையும் ஏமாற்றிவிட்டுத்தான் பந்தை உள்ளே தள்ளினார். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். பயிற்சியாளர்களுக்கு வயிற்றெரிச்சல். அணியின் மனநல நிபுணர் வைத்த தேர்விலும் அவருக்கு மோசமான மதிப்பெண். முதல் இரண்டு ஆட்டங்களிலும் உட்காரவைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம் சோவியத் யூனியனோடு. கோலில் உலகின் மிகச்சிறந்த கீப்பர்களில் ஒருவரான லெவ் யாஷின். பிரேசில் அணியில் கரிஞ்சாவும் 17 வயது பெலேவும். முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்து பெலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் போட்டார். கால்பந்தின் மிகச்சிறந்த மூன்று நிமிடங்கள் அவைதான் என்று இன்றும் சொல்கிறார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் முதலில் கோல் போட, கரிஞ்சா வலது ஓரத்தில் இரண்டு முறை பாய்ந்து கொடுத்த பந்துகளை வாவா இரண்டு கோல்களாக மாற்றினார். 5-2. பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பை. 1950-ன் காயம் அன்றுதான் ஆறியது.

1962-ல் சிலியில் நடந்த உலகக் கோப்பை இன்னும் பெரிய கதை. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குக் காயம். முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்தபோது, கரிஞ்சா ஒட்டுமொத்த அணியையும் தோளில் தூக்கிக்கொண்டார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள். அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு. தலையால் முட்டி, இடது காலால் உதைத்து என அதுவரை அவர் அதிகம் செய்யாததையெல்லாம் செய்தார். அரையிறுதியில் எதிராளியை உதைத்து வெளியேற்றப்பட்டாலும் இறுதி ஆட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு ஆடினார். கோப்பை மறுபடியும் பிரேசிலுக்கு.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? பெலேவும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை. பிரேசிலுக்காகக் கரிஞ்சா ஆடித் தோற்றது ஒரே ஒரு ஆட்டம்தான். 1966-ல் ஹங்கேரியோடு. அதுதான் தேசிய அணிக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டமும்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு

அந்த உயரத்திலிருந்துதான் சரிவு தொடங்கியது. வளைந்த கால்களின் முட்டிகள் தேய்ந்துபோயின. ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். கரிஞ்சா இருந்தால்தான் டிக்கெட் விற்கும், வெளிநாட்டுக் கிளப்கள் பணம் கொடுக்கும். அதனால், அவருக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. தொகை எழுதாத வெற்றுக் காகிதத்தில் ஒப்பந்தக் கையெழுத்துப் போடும் மனிதர் அவர். கிளப் சம்பாதித்தது, அவர் சம்பாதிக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஊரில் இளம் வயதிலேயே கட்டிக்கொண்ட மனைவியையும் எட்டு மகள்களையும் விட்டுவிட்டு, பாடகி எல்சா சோரஸோடு வாழப் போனார். ஊர் மொத்தக் கோபத்தையும் அந்தப் பெண்மீதே கொட்டியது. குடும்பத்தைக் கெடுத்தவள் என்று ஏசினார்கள். ஆனால், குடியிலிருந்து அவரை மீட்க வருடக்கணக்கில் போராடியது எல்சாதான். 1969-ல் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதி, எல்சாவின் அம்மா இறந்துபோனார். அந்தக் குற்ற உணர்வில் மனுஷன் மேலும் குடித்தார். ஒருகட்டத்தில் எல்சாமீதே கைவைத்தார். 1977-ல் எல்சா பிரிந்தார். மைதானத்தில் ஒரு ஈக்கும் தீங்கு நினைக்காத மாதிரி சிரித்த மனிதரின் வீட்டில் நடந்தது இதுதான். குடி எதையும் மிச்சம் வைக்காது.

நடுவில் ஒரு இரவு மட்டும் பழைய வெளிச்சம் திரும்பியது. 1973, டிசம்பர் 19. அவருக்கு உதவி திரட்ட மரக்கானாவில் ஒரு வழியனுப்பு ஆட்டம். 40 வயது, தொப்பை, தேய்ந்த முட்டிகள். 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவரால் பாதி ஆட்டம்கூட ஆட முடியவில்லை. மைதானத்தைச் சுற்றி வந்து கையசைத்தபோது எழுந்த சத்தம் மட்டும் 1958-ல் எழுந்த சத்தத்துக்குக் குறைவில்லை.

1980 கார்னிவலில் மங்கேரா சம்பா குழுவினர் அவரைக் கௌரவித்து ஊர்வல வண்டியில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் மேளமும் ஆட்டமும். நடுவில் மருந்து மயக்கத்தில், எங்கேயோ பார்த்துக்கொண்டு, கையசைக்கவும் தெம்பில்லாமல் கரிஞ்சா. மக்களின் மகிழ்ச்சி என்று பெயர் வாங்கியவரின் முகத்தில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. பார்த்த பலருக்கும் அந்தக் காட்சி நெஞ்சில் குத்தியது.

கடைசிப் பயணம்

மரக்கானாவிலிருந்து அவர் உடலைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி பாவ் கிராண்டேவுக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக ஜனம். சாலையோரங்களில், பாலங்களில் நின்று கையசைத்தார்கள். உலகத்தைச் சிரிக்கவைத்தவர் இன்று அழவைக்கிறார் என்று எழுதிப் பிடித்திருந்தார்கள். அவர் வாழ்ந்ததற்காகவே நன்றி சொல்லும் வாசகங்களும் இருந்தன. ஊரின் சின்ன தேவாலயத்தால் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியவில்லை.

அந்த அழுகையில் அன்பு இருந்தது. கூடவே கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. முட்டி தேயும் வரை ஆடவைத்தவர்கள், கார்னிவல் வண்டியில் உட்காரவைத்தவர்கள், அவர் குடிப்பதைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லோருமே அந்த ஜனத்துக்குள்தானே இருந்திருப்பார்கள்? பெலே அவர்களுக்கு ராஜா. ராஜாவை அண்ணாந்து பார்க்கலாம். கரிஞ்சா அவர்களில் ஒருவர். அதே ஆலை, அதே சாராயம், அதே வறுமை. தங்கள் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றத் தவறிய சொந்தக்காரர்களைப் போலத்தான் அன்று ரியோ அழுதது.

அழுதவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? தலைநகர் பிரேசிலியாவில் அவர் பெயரைத் தாங்கிய மைதானம் 2014 உலகக் கோப்பைக்காகப் பெரும் செலவில் மறுபடி கட்டப்பட்டது. ஆனால் 2017-ல், அவர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் அவருடைய எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று நிர்வாகத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் பெயரில் அங்கே இரண்டு கல்லறைகள் உண்டு. எதில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே கேள்வியாகிவிட்டது.

இன்னும் ஒன்று. ஊர் ஏசிய எல்சா சோரஸ், பிரேசிலின் மாபெரும் பாடகிகளில் ஒருவராக உயர்ந்து, 91 வயது வரை வாழ்ந்தார். அவர் இறந்தது 2022, ஜனவரி 20. கரிஞ்சா இறந்து சரியாக 39 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில்.

செபஸ்தியார் திருநாள் வரும்போதெல்லாம், ரியோவின் பழைய ரசிகர்களுக்கு இப்போது இரண்டு பேரின் ஞாபகம் வரும்.